கே50 என்றால் எத்தனை விநாடி? லேடரிலிருந்து ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டுக்கு எண்களைக் கொண்டுபோன கதை

ஒரு கலவை இயந்திரம். தொட்டியில் திரவம் ஏறும், கலக்கி சுற்றும், எடை பார்க்கும், அப்புறம் அடிவால்வு திறந்து வடியும். வடிந்து முடித்ததும் குழாயில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காற்று ஒரு தடவை ஊதித் தள்ளும். இத்தனையையும் மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என் பிஎல்சி (இயந்திரத்தை ஓட்டும் சிறு தொழிற்சாலைக் கணினி) ஒன்று பல வருடமாகச் சத்தமில்லாமல் கவனித்துக்கொண்டிருந்தது. கலக்கிக்கு கேன்ஓபன் என்ற நெட்வொர்க்கில் பேசும் டிரைவ் (மோட்டாரை ஓட்டும் கருவி), எடைக் கருவியோடு சீரியல் தொடர்பு, புதுத் திரை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டிவந்தபோது கண்ட்ரோலரையே மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. புதியது கோடிசிஸ் என்ற மென்பொருளில் எழுதும் வகை. பழைய புரோகிராம் லேடரில், அதாவது மின்சுற்றுப் படம் போல வரையும் மொழியில் இருந்தது; அதை லேடராகவே வரைந்திருக்கலாம். நான்தான் வரி வரியாக எழுதும் மொழியான ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

லாஜிக்கை மாற்றுவதில்தான் நேரம் போகும் என்று நினைத்திருந்தேன். அது மூன்று நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை வாரம் என்னைச் சுற்றவிட்டவை எல்லாம் வெறும் எண்கள். கோடில் நேரடியாக எழுதும் மதிப்புகள், அதாவது லிட்டரல்கள். பழைய புரோகிராமில் ஓர் எண்ணின் அலகும் வகையும் வேறெங்கோ ஒளிந்திருந்தன. எண்ணை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து புது இடத்தில் நட்டதுதான் நான் செய்த தவறு. ஒரே தவறைத்தான் ஐந்தாறு வேஷத்தில் செய்திருக்கிறேன்.

படிப்பதற்கு முன் ஒரு விஷயம். கீழே வரும் புரோகிராம் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டைம்#5எஸ் என்று இருந்தால், எடிட்டரில் அதை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பிரச்சினையில்லை, இரண்டையும் கம்பைலர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். டைம் என்ற முன்னொட்டை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியும் எழுதலாம், பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் எழுதினால் டைமின் டியும் நாளைக் குறிக்கும் டியும் ஒன்றாகிவிடும் என்பதால் நான் நீளமாகவே எழுதுகிறேன்.

காற்று ஊதியது

பழைய லேடரில் டைமர் இப்படி இருக்கும்: அவுட் டி5 கே50. கே என்றால் அடுத்து வருவது தசம எண். ஹெக்ஸாக (16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்ணாக) இருந்தால் கேவுக்குப் பதில் எச். சரி, 50 என்ன? விநாடியா, மில்லிவிநாடியா? அந்த வரியில் பதில் கிடையாது. டைமரின் எண்ணில்தான் இருக்கிறது. இந்தக் கண்ட்ரோலரில் டி0 முதல் டி199 வரை 100 மில்லிவிநாடிப் படி. டி200 முதல் டி245 வரை 10 மில்லிவிநாடிப் படி. அதற்கு மேல் 246 முதல் 249 வரை 1 மில்லிவிநாடி, 250 முதல் 255 வரை மறுபடியும் 100. கடைசி இரண்டு கூட்டமும் உள்ளீடு போனாலும் எண்ணியதை மறக்காதவை. ஆக, டி5இல் கே50 என்றால் 5 விநாடி. டி205இல் அதே கே50 அரை விநாடி.

இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும், லிஸ்டிங்கை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து, எல்லா கேவையும் நூறால் பெருக்கி எம்எஸ் போட்டு ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். முதல் பக்கத்தில் இருந்தவை எல்லாம் நூறுக்குக் கீழான டைமர்கள். அதைப் பார்த்த தைரியம்.

தண்ணீரை விட்டு முதல் சோதனை. வடிந்து முடிந்தது, காற்று ஊதியது, ஊதிக்கொண்டே இருந்தது. இயந்திரத்தோடு பல வருடம் பழகிய ஆபரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தார்.

“சார், இது எப்பவும் புஸ்ஸுனு ஒரு தடவைதான் ஊதும். இப்ப என்ன, பாத்திரம் கழுவுற மாதிரி ஊதுது?”

“எவ்வளவு நேரம் ஊதும்ணே?”

“நேரமெல்லாம் யாரு பார்த்தா? புஸ், அவ்வளவுதான்.”

அந்த ‘புஸ்’ டி203 கே30. முந்நூறு மில்லிவிநாடி. நான் எழுதியிருந்தது மூன்று விநாடி. அன்று சாயங்காலம் லிஸ்டிங்கை அச்செடுத்து, 200க்கு மேற்பட்ட ஒவ்வொரு டைமரையும் சிவப்பில் வட்டமிட்டேன். பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றையும் கையாலேயே மாற்றினேன்:

காற்று_டைமர்(இன் := வடிந்தது, பிடி := டைம்#300எம்எஸ்);

இன் என்பது உள்ளீடு, பிடி என்பது அமைத்த நேரம். பக்கத்தில் கமெண்டாக ‘பழையது டி203 கே30’ என்றும் எழுதிவைத்தேன். நாளைக்கு யாராவது பழைய வரைபடத்தோடு வந்து நின்றால் தேட வேண்டியதில்லை.

ஐஇசி 61131-3 என்ற தரநிலை 1993இல் வந்தபோதே நேரத்துக்கென்று தனி லிட்டரல் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த மொழியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அலகு எண்ணோடு ஒட்டிக்கொண்டே வரும். டைம்#5 என்று அலகில்லாமல் எழுதினால் கம்பைலர் ஏற்காது. முன்னொட்டு இல்லாமல் வெறும் 15எம்எஸ் என்று எழுதினாலும் ஏற்காது. நாள், மணி, நிமிடம், விநாடி, மில்லிவிநாடி என்று பெரியதிலிருந்து சிறியதுக்குத்தான் போக வேண்டும், வரிசையை மாற்றக்கூடாது. கடைசி அலகில் புள்ளி வரலாம்: டைம்#1.5எஸ் சரி. இடையில் அடிக்கோடு போட்டுப் பிரித்து எழுதலாம்: டைம்#1எச்_20எம்_5எஸ். படிக்க நன்றாயிருக்கும்.

ஒரு சின்ன விதி பலரைக் குழப்பும். முதலில் வரும் அலகு மட்டும் தன் அளவை மீறலாம். டைம்#90எஸ் சரி, டைம்#100எஸ்12எம்எஸ்கூடச் சரி. டைம்#5எம்68எஸ் தவறு, ஏனென்றால் நிமிடம் என்று ஆரம்பித்துவிட்டால் விநாடி 59ஐத் தாண்டக்கூடாது. நம்மிடம் யாராவது ‘அஞ்சு நிமிஷம் அறுபத்தெட்டு விநாடி’ என்று சொன்னால் சிரிப்போம் இல்லையா, கம்பைலரும் அப்படித்தான்.

இருபது

இவ்வளவு கறாரான கம்பைலர் ஓர் இடத்தில் கைவிட்டுவிட்டது. தப்பு அதன்மேல் இல்லை, முழுக்க என்னுடையது.

ஸ்டார்ட் பட்டனுக்கு ஒரு டிபவுன்ஸ் போட்டிருந்தேன். பட்டன் 20 மில்லிவிநாடி தொடர்ந்து அழுந்தியிருந்தால்தான் ஏற்பது என்று ஒரு டான் டைமர். மறுநாள் காலை பட்டனை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. முந்தைய நாள் வரை திரையிலிருந்துதான் ஸ்டார்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன், பேனல் பட்டனைத் தொட்டதே அன்றுதான். வயரைச் சந்தேகப்பட்டேன். பேனலைத் திறந்து டெர்மினலில் மீட்டர் வைத்தால் அழுத்தும்போது 24 வோல்ட் வருகிறது. இன்புட் கார்டில் எல்இடி எரிகிறது. மேப்பிங்கைச் சந்தேகப்பட்டேன். வாட்ச் விண்டோவில் அந்த இன்புட் ட்ரூ ஆகிறது. ஆனால் டைமரின் வெளியீடு ஃபால்ஸிலேயே நிற்கிறது.

ஆபரேட்டரைப் பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு டைமரை விரித்துப் பார்த்தேன். ஓடிய நேரம் ஏறிக்கொண்டிருந்தது. நாலு விநாடி, ஐந்து, ஆறு. 20 மில்லிவிநாடியில் முடிய வேண்டியது ஆறு விநாடியாக ஏன் ஓடுகிறது என்று யோசித்தபடியே கண்ணை ஒரு வரி மேலே தூக்கினால், அமைத்த நேரம் என்ற இடத்தில் டைம்#20எம்.

ஓர் எஸ் விடுபட்டிருந்தது. எம்எஸ் என்றால் மில்லிவிநாடி, எம் மட்டும் என்றால் நிமிடம். இருபது நிமிடம் பட்டனைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தால் இயந்திரம் கச்சிதமாக ஓட ஆரம்பித்திருக்கும். அலகு எழுதியாயிற்று, வரிசை சரி, எண் சரி. கம்பைலர் குறை சொல்ல என்ன இருக்கிறது? “இன்னும் பிடிக்கணுமா சார்?” என்றார் அவர். விட்டுவிடச் சொன்னேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம். புரோகிராம் முழுக்க டைம்# என்று தேடி, எம் என்று முடிகிற ஒவ்வொன்றையும் ஒரு முறை பார்த்துவிடுகிறேன். இந்தப் புரோகிராமில் உண்மையிலேயே நிமிடமாக இருந்தவை இரண்டே இரண்டு. அவற்றையும் டைம்#120எஸ், டைம்#300எஸ் என்று விநாடியாக மாற்றிவிட்டேன். இனி இதில் எம் என்று தனியாக முடிவது எதுவாக இருந்தாலும் அது பிழை.

நேரத்தில் இன்னொரு சின்ன முட்டுச்சந்து. கலக்கியின் பேரிங்குக்கு 60 நாளுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கச் சொல்லித் திரையில் நினைவூட்டல் கேட்டிருந்தார்கள். டைம்#60டி என்று எழுதினேன், அளவு மீறிவிட்டது என்று பிழை. கோடிசிஸில் டைம் என்பது மில்லிவிநாடிகளை 32 பிட்டில், குறியில்லாமல் எண்ணுவது. அதன் உச்சம் 49 நாள் 17 மணி 2 நிமிடம் 47 விநாடி 295 மில்லிவிநாடி. சீமென்ஸில் அதே டைம் குறியுள்ள 32 பிட் என்பதால் அதில் பாதிதான், 24 நாளும் சொச்சமும். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பில் எல்டைம் என்று 64 பிட் வகை சேர்த்தார்கள், நானோவிநாடி வரை எழுதலாம். எல்டைம்#60டி என்று மாற்றினால் கம்பைல் ஆகிவிடும். ஆனால் எழுதும்போதே புத்தி வந்தது. மின்சாரம் போனால் டைமர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்குமே. கிரீஸுக்கும் நாட்காட்டிக்கும் என்ன சம்பந்தம், கலக்கி ஓடிய மணிதானே கணக்கு? டைமரைத் தூக்கிவிட்டு, ஓடிய மணிகளை எண்ணி, மின்சாரம் போனாலும் மதிப்பை மறக்காத ரிடெய்ன் மாறியில் வைத்தேன். அது சாதாரண முழு எண்.

80ம் 80எச்சும்

டிரைவ் கேன்ஓபனில், டிரைவ்களுக்கான சிஐஏ 402 முறையில் பேசுவது. 6040 என்ற ஆப்ஜெக்டில் கண்ட்ரோல் வேர்ட் எழுதினால் அது நிலை நிலையாக ஏறும்: முதலில் 6, பிறகு 7, பிறகு 15. 6 எழுதாமல் நேரே 15க்குப் போனால் மோட்டார் நகராது. இந்த மூன்றையும் 16#0006, 16#0007, 16#000எஃப் என்று ஹெக்ஸில் (16# என்றால் ஹெக்ஸ்) எழுதிவிட்டேன், ஓடியது. ட்ரிப் ஆனால், அதாவது பிழை கண்டு டிரைவ் நின்றுவிட்டால், ரீசெட் செய்ய 7ஆம் பிட்டைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றாக்க வேண்டும். கைநூலில் 80எச் என்று போட்டிருந்தது.

வேண்டுமென்றே ட்ரிப் வரவைத்து ரீசெட் அழுத்தினேன். டிரைவ் அசையவில்லை. வேர்ட் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தால் போய்ச் சேர்கிறது. நான் எழுதியிருந்தது வெறும் 80.

தசம 80ஐ பைனரியில் விரித்தால் 2#0101_0000. நான்காம் பிட்டும் ஆறாம் பிட்டும் எழுந்து நிற்கின்றன. வேண்டிய ஏழாவது படுத்திருக்கிறது. ஹெக்ஸ் 80 என்றால் 2#1000_0000, ஏழாவது மட்டும். கைநூலின் கடைசியில் இருந்த எச் என்ற ஒற்றை எழுத்து என் விரலில் ஏறவில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலைக் கைநூல்களில் ஹெக்ஸை எழுதும் விதம் ஆளுக்கொரு மாதிரி: சிலர் பின்னால் எச், சிலர் முன்னால் பூஜ்யமும் எக்ஸும், மிட்சுபிஷியில் முன்னால் எச். ஓம்ரானில் # போட்டால் ஹெக்ஸ் அல்லது பிசிடி, & போட்டால் தசமம். ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் இவை எதுவும் செல்லாது, அடிப்படை எண்ணும் # குறியும்தான்: 2#, 8#, 16#.

பிட் மாஸ்க் எல்லாவற்றையும் அதோடு பைனரிக்கே மாற்றிவிட்டேன். 16#0080 என்றால் எத்தனையாவது பிட் என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டும். 2#0000_0000_1000_0000 என்றால் விரல் விட்டு எண்ணலாம். நாலு நாலாக அடிக்கோடு போடாவிட்டால் பதினாறு இலக்கத்தை எண்ணுவதற்குள் கண் வலிக்கும், ஆகவே அடிக்கோடு கட்டாயம். அது மதிப்பை மாற்றாது. இலக்கங்களுக்கு நடுவில் ஒற்றையாக வர வேண்டும், இரண்டை ஒட்டிப் போடக்கூடாது, அவ்வளவுதான்.

# போட்ட எண்களுக்குக் குறி கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். கலக்கியைப் பின்பக்கமாக 500 வேகத்தில் சுற்ற வேண்டுமென்றால் -500 என்று தசமத்திலேயே, குறியுள்ள முழு எண் வகையான இன்ட் மாறியில் எழுத வேண்டும். அதே 16 பிட்டைக் குறியில்லாத வேர்டாகப் பார்த்தால் 65036 என்று தெரியும். அதைப் பார்த்துப் பதறி நான் ஒரு முறை எமர்ஜென்சி ஸ்டாப் அடித்தேன். மோட்டார் பாட்டுக்குச் சரியாகத்தான் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் இன்னொரு #: வேர்ட்#16#0001. பார்க்க விகாரமாக இருக்கும். ஆனால் சில இடத்தில் இது தேவை. பிட் நகர்த்தும் கட்டளைக்கு வெறும் 1 கொடுத்தால், மாறிலிக்குப் போதுமான மிகச் சிறிய வகையைத்தான் கோடிசிஸ் எடுத்துக்கொள்ளும். எட்டு இடத்துக்கு மேல் நகர்த்தப்போகிறோம் என்றால் எவ்வளவு அகலம் என்று நாமே சொல்லிவிடுவதுதான் நல்லது. அலாரம் பிட்களைக் கட்டும் இடத்தில் எல்லா ஒன்றுக்கும் முன்னால் வேர்ட்# போட்டேன்.

எக்ஸ்10 ஒன்பதாவது

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே இன்பம் இது.

எஃப்எக்ஸ் வரிசைக் கண்ட்ரோலர்களில் இன்புட் எண்கள் ஆக்டல், அதாவது 8ஐ அடிப்படையாகக் கொண்டவை. எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரை, அடுத்தது எக்ஸ்10. எக்ஸ்8, எக்ஸ்9 என்று ஒன்று கிடையவே கிடையாது. பேனல் முழுக்க வயர்களில் எக்ஸ்10, எக்ஸ்13, எக்ஸ்17 என்று லேபிள். புதுக் கண்ட்ரோலரில் இன்புட்கள் 0, 1, 2 என்று நேராகப் போகும் ஓர் அரே. முதலில் எக்ஸ்10 வயரை இன்புட்[10] என்று எடுத்தேன். மேல்மட்ட ஸ்விட்ச் கதவு ஸ்விட்ச் ஆகிவிட்டது. எக்ஸ்10 என்பது ஒன்பதாவது இன்புட், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 8.

மாற்று அட்டவணை ஒன்று போட உட்கார்ந்தேன். பாதியில்தான் தோன்றியது, 8# லிட்டரல் எதற்கு இருக்கிறது? இன்புட்[8#10] என்று எழுதினால் கம்பைலரே அதை 8 ஆக்கிக்கொள்ளும். எக்ஸ்17க்கு இன்புட்[8#17], அது 15. வயரில் இருக்கும் எண் அப்படியே கோடிலும் இருக்கிறது. லேபிளை மாற்ற வேண்டாம், வரைபடத்தைத் திருத்த வேண்டாம், பேனல் முன் நின்று மனக்கணக்குப் போட வேண்டாம். ஆக்டலை நான் உருப்படியாகப் பயன்படுத்தியது இதுதான் முதல் தடவை.

சி மொழியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 010 என்று எழுதினால் எட்டு. இங்கே முன்னால் இருக்கும் பூஜ்யத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை, 010 பத்துதான்.

ஒரு புள்ளி

மட்ட சென்சார் 4–20 மில்லியாம்பியர். அனலாக் மாட்யூல் 4க்கு 0, 20க்கு 27648 என்று தருகிறது. சீமென்ஸ் உலகத்தில் பழகியவர்களுக்கு இந்த எண் வீட்டு நம்பர் மாதிரி. ஹெக்ஸில் 16#6சி00. சதவீதமாக்க எழுதியது:

மட்டம் := மூலம் / 27648 * 100;

தொட்டி பாதி நிரம்பியும் திரையில் 0. முக்கால் ஆகியும் 0. மூலம் இன்ட், 27648ம் முழு எண், ஆகவே வகுத்தலும் முழு எண் வகுத்தல். 20000ஐ 27648ஆல் வகுத்தால் பூஜ்யம், மிச்சத்தைத் தூர எறிந்துவிடும். தொட்டி நிரம்பி 27648ஐத் தொடும் கணத்தில் மட்டும் சட்டென்று 100 காட்டும். பெருக்கலை முன்னால் கொண்டுவந்து மூலம் * 100 / 27648 என்று எழுதலாமே என்றால், 16 பிட்டில் பெருக்கும் கண்ட்ரோலராக இருந்தால் மூலம் 327ஐத் தாண்டியதுமே பெருக்கல் வழிந்துவிடும். 32 பிட்டில் பெருக்குவதாக இருந்தால் சரியாக வரும். எது என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க எனக்கு ஆசையில்லை.

மட்டம் := இன்ட்_டூ_ரியல்(மூலம்) / 27648.0 * 100.0;

அந்தப் புள்ளியும் பூஜ்யமும் அலங்காரம் அல்ல. 27648 என்றால் முழு எண், 27648.0 என்றால் ரியல், அதாவது புள்ளியுள்ள எண். தரநிலைப்படி புள்ளிக்கு இரண்டு பக்கமும் இலக்கம் இருக்க வேண்டும். .5 என்று சோம்பேறித்தனமாக எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள்.

மொத்த உற்பத்தியை ரியலில் கூட்டிக்கொண்டே போகச் சொல்லிக் கேட்டார்கள். ரியல் 32 பிட், முழு எண்களைத் துல்லியமாகப் பிடிப்பது 16777216 வரை. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் கூடாது, அங்கேயே நிற்கும். கிலோவைக் கிராமாக்கிக் குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் கூட்டினால் 429 கோடிக்கு மேல் போகும். அதுவே போதும் என்று விட்டேன்.

தொட்டி க

எடைக் கருவியிடம் ஒரு பி எழுத்தும் கேரேஜ் ரிடர்னும் (வரி முடிந்தது என்று சொல்லும் குறி) அனுப்பினால் எடையைத் திருப்பி அனுப்பும். பழக்கதோஷத்தில் பின்சாய்வுக் கோடும் ஆரும் எழுதினேன். கருவி மௌனம். சீரியல் மானிட்டரில் பார்த்தால் பின்சாய்வும் ஆர் எழுத்தும் எழுத்தாகவே போய்க்கொண்டிருந்தன. இந்த மொழியில் அந்த வேலை டாலர் குறிக்கு: '$ஆர்' கேரேஜ் ரிடர்ன், '$எல்' லைன் ஃபீட். டாலரே வேண்டுமென்றால் '$$'. மேற்கோள் குறி வேண்டுமென்றால் அதற்கு முன்னாலும் ஒரு டாலர். டாலருக்குப் பிறகு இரண்டு ஹெக்ஸ் இலக்கம் போட்டு எந்த பைட்டையும் அனுப்பலாம், '$0டி' என்றாலும் அதே கேரேஜ் ரிடர்ன்தான்.

ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் ஸ்ட்ரிங், ஓர் எழுத்துக்கு ஒரு பைட். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் டபிள்யூஸ்ட்ரிங், ஓர் எழுத்துக்கு 16 பிட். திரையில் செய்திகள் தமிழில் வேண்டும் என்று ஆபரேட்டர் கேட்டிருந்தார், அதற்கு இரண்டாவதுதான் சரிப்பட்டது. “தொட்டி காலி” என்று ஒரு செய்தி. எழுத்தை எண்ணினேன்: தொ, ட், டி, இடைவெளி, கா, லி. ஆறு. தாராளமாக இருக்கட்டும் என்று எட்டு இடம் ஒதுக்கினேன். திரையில் வந்தது ‘தொட்டி க’.

நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடுக்கு இரண்டு. த, ஒகரக் குறி, ட, புள்ளி, ட, இகரக் குறி: அதுவே ஆறாயிற்று. இடைவெளி ஏழு, க எட்டு. அங்கே இடம் முடிந்துவிட்டது. முழுச் செய்திக்கு 11 வேண்டும். கம்பைலர் எச்சரிக்கை கொடுத்துத்தான் இருக்கிறது, நாற்பது எச்சரிக்கைகளுக்கு நடுவில் நான்தான் பார்க்கவில்லை. எல்லாச் செய்திக்கும் 40 இடம் ஒதுக்கி முடித்தேன். தமிழ் அடிக்க முடியாத எடிட்டராக இருந்தால் டாலரும் நான்கு ஹெக்ஸ் இலக்கமுமாக எழுதலாம். "$0பி85" என்றால் அ. ஒரு செய்தி எழுதிப் பார்த்தால் போதும், எடிட்டரில் தமிழ் ஃபாண்ட் போட வழி தேடத் தோன்றிவிடும்.

பெயர் வைத்தது, வைக்காதது

கடைசி இரண்டு நாள் கோடில் சிதறிக் கிடந்த எண்களைப் பொறுக்கி கான்ஸ்டன்ட்களாக (பெயர் வைத்த மாறாத மதிப்புகளாக) மாற்றினேன். டிரைவின் கண்ட்ரோல் வேர்டுகள், 27648.0, காற்று ஊதும் நேரம், வழிதல் எச்சரிக்கை மட்டம். எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. சதவீதத்துக்கான 100.0க்கு ‘நூறு’ என்று பெயர் வைத்து என்ன சாதிக்கப்போகிறோம்? ‘ஐந்து_விநாடி’ என்று கான்ஸ்டன்டுக்குப் பெயர் வைத்து, பிறகு யாரோ மதிப்பை டைம்#8எஸ் ஆக்கிவிட்டுப் பெயரை அப்படியே விட்ட புரோகிராமை நான் பார்த்திருக்கிறேன். எதற்காக என்பதுதான் பெயராக இருக்க வேண்டும்: ‘வடிகால்_காத்திருப்பு’. இரண்டு இடத்தில் வருகிற எண், அல்லது ஆபரேட்டர் ஒரு நாள் மாற்றச் சொல்லப்போகிற எண், அதற்குப் பெயர். மற்றது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

காற்று ஊதும் நேரத்தை மறுபடி சோதித்தோம். ஒரு தடவை, புஸ். ஆபரேட்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்தது, ஒன்றைத் தவிர. டி41 கே37. கலக்கி நின்றபின், அடிவால்வு திறப்பதற்கு முன்னால் 3.7 விநாடி. நாலாகவும் இல்லை, மூன்றரையாகவும் இல்லை. ஆபரேட்டரிடம் கேட்டேன், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்றார். வரைபடத்தில் குறிப்பில்லை. யாரோ ஒருவர் தொட்டி முன் நின்று, நாற்பதில் ஆரம்பித்துக் குறைத்துக் குறைத்து அந்த எண்ணுக்கு வந்திருக்க வேண்டும். டைம்#3எஸ்_700எம்எஸ் என்று அப்படியே எழுதி, ‘பழையது டி41 கே37, காரணம் தெரியவில்லை, மாற்றாதீர்கள்’ என்று கமெண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.